சிராக்கூசாவுக்கு எழுதிக் குடுத்த மன்றாட்டு

8 ஒக்ரோபர் 2024, செவ்வாய்

இல்லை மாதாவே, நீரே சொல்லும், ஒரு பிள்ளை வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதால் நான் என்ன செய்யிறது? உம்மட்டைத்தானே எழுத ஏலும்.

மேல்வீட்டு நிசாந்தி பின்னேரம் இறங்கி வந்தவள். புருசன் ஜசிந்தன் வேலைக்குப் போன கையோட. தேத்தண்ணி ஊத்தினன், குடிக்கேல்லை. கைச்சட்டையை மேல இழுத்துக் காட்டினாள். முழங்கைக்கு மேல கறுத்துப்போய்க் கிடக்கு. நான் அறியாததே? அவையளின்ர நிலம்தானே என்ர முகடு. கதிரை விழுற சத்தமும் ஆள் விழுற சத்தமும் வேற வேற.

பலெர்மோவுக்குப் பக்கத்தில, பகேரியாவில ஒரு இத்தாலிக்காரி, கிழட்டுச் சிஞ்ஞோராவைப் பாக்க ஆள் வேணுமாம். தங்க அறையும் குடுக்கினமாம். வாற இருவதாந்தேதி ஞாயிறு, அவன் வேலைக்குப் போனவுடன மகள் நிலக்சியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறப்போறாளாம். "அன்ரி, உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன். ஒருதருக்கும் மூச்சு விடாதேங்கோ." செபமாலையில கை வைச்சு ஓம் எண்டு சொன்னன்.

சொல்லிப்போட்டு இருக்கிறன், மனம் ஒத்துக்கொள்ளுதில்லை. இவளின்ர கலியாணத்துக்குச் சீலை உடுத்திவிட்டதே நான்தான். சாமியார் ஆசீர்வதிச்ச குடும்பம். ஆறு வயசுப் பெட்டையைத் தேப்பனில்லாமல் வளக்கிறதோ? அவன் குடிவெறியில்லாத நேரம் தங்கமான பெடியன். எனக்கு ஓமோம் எண்டு மாவை தூக்கிக்கொண்டு வந்து தருவான். அடிக்கிறது பிழைதான். பிழை. ஆனால் விட்டுட்டுப் போறது?

10 ஒக்ரோபர், வியாழன்

அரைநாள் லீவு. பலறோ சந்தையில தேங்காயும் பச்சைமிளகாயும் வாங்கினன். சனிக்கிழமை சிராக்கூசாக் கோவில் பயணத்துக்கு அறுவது ரோல்ஸ் பொரிக்கிறது என்ர பொறுப்பு. இடுப்பு விட்டுப் போச்சு.

12 ஒக்ரோபர், சனி

மாதாவே, முறையா எழுதோணும்.

விடிய அஞ்சரைக்கு ஸ்ரேசனடியில பஸ். நாப்பத்தெட்டுப் பேர். கோவில் ஆக்கள்தான், ரெண்டு மூண்டு சைவக்காரரும். கடைக்கார அலோசியஸ்தான் ஒழுங்குபடுத்தினவன். முதல் சின்னப்பர், பவுல் அப்போஸ்தலர், பிரசங்கம் பண்ணின இடம், பிறகு சந்தை, கடைசியா உம்மட கண்ணீர் மாதா கோவில். ஏறமுன்னம் எல்லாருக்கும் சின்னக் கடுதாசித் துண்டு குடுத்தவன், மன்றாட்டு எழுதச்சொல்லி. அங்கை பெட்டி இருக்கு, அதுக்குள்ள போடுறது.

நான் என்ன எழுதினன்? எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும்: "எங்கட மேல்வீட்டில இருக்கிற நிசாந்தி, புருசன் ஜசிந்தனை விட்டுட்டுப் பிள்ளையோட இருவதாந்தேதி பகேரியாவுக்குப் போகப்போறாள். அவளுக்கு நல்ல புத்தியைக் குடும் தாயே. குடும்பம் பிரியாமல் காத்தருளும்."

பேர் போட்டனான், ஓம். பேர் போடாட்டி எந்த நிசாந்தி எண்டு நீர் எங்கை போய்த் தேடுவீர்? பலெர்மோவிலயே ஏழு பேர் இருக்கினம். உமக்குச் சொல்லுறது ஆக்களுக்குச் சொல்லுறதோ?

பகேரியா கடந்தவுடன செபமாலை தொடங்கிச்சு. மூண்டாம் பத்து மணி உருட்டி முடிய அலோசியஸ் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு மன்றாட்டுகளை வாசிச்சான். கனகேஸ்வரியின்ர முழங்கால். ஆரோ ஒருதற்ற பெர்மெசோ விசா. எல்லாருமாச் சேந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்". பிறகு நிசாந்தி எண்ட பேர் ஸ்பீக்கரால வருது. என்ர சொல்லு. என்ர இருவதாந்தேதி. பகேரியா. பாவி பாதியிலயாவது நிப்பாட்டினவனோ? கடைசிவரைக்கும் வாசிச்சான். நாப்பத்தெட்டுப் பேரும் கேட்டருளும் எண்டவை. என்ர வாயும் சொன்னது. பழக்கத்தில சொல்லிப்போட்டுது.

முன் சீற்றில அமலினி. ஜசிந்தன்ர ஒண்டுவிட்ட தங்கச்சி. திரும்பி என்னைப் பாத்தாள். "மாக்கிரட் அக்கா, இது உங்கட மேல்வீடெல்லே?" எண்டவள். போனை எடுத்துக் காதில வைச்சாள்.

சின்னப்பற்ற இடம் நிலத்துக்குக் கீழ. படி இறங்க இறங்கக் குளிர். கைதியா ரோமுக்குக் கொண்டுபோற வழியில மூண்டு நாள் இஞ்சை நிண்டவராம். "மூண்டு நாளைக்கே? எங்களைப் போலக் கைரேகை எடுத்தவங்களோ?" எண்டு கனகேஸ்வரி கேக்க எல்லாரும் சிரிச்சவை. வேற நாளெண்டால் நான்தான் கூடச் சிரிச்சிருப்பன். கல்லில கையை வைச்சுக்கொண்டு நிண்டன், ஒரு செபமும் வரேல்லை.

பஸ்ஸுக்குள்ள அமலினிக்கு முன்னால கதைக்கேலாது, சந்தைக்கு வந்தாப்பிறகுதான் தனியாப் போன் எடுக்க ஏலுமாயிருந்துது. சுத்திவரச் சனம். ஒருதன் வாள்மீனை வெட்டி வெட்டிப் பாட்டுப் பாடுறான். எங்கட பொம்பிளையள் வாதுமையும் காஞ்ச தக்காளியும் விலை பேசி, "அரைவாசிக்குத் தாடா ராசா" எண்டு தமிழிலயே பேசி வாங்கினம். நான் ஒரு தூணோட ஒதுங்கி நிசாந்திக்குப் போன் அடிச்சன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இப்பவே வெளிக்கிடு எண்டு சொல்லத்தான்.

எடுத்தது ஜசிந்தன்.

"அவள் குளிக்கிறாள் அன்ரி. நான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை. நீங்கள் ஆறுதலாக் கும்பிட்டுட்டு வாங்கோ."

என்ன மரியாதையான குரல்!

உம்மட கோவிலுக்கு வந்து உம்மட முகத்தைப் பாக்கேல்லை. மன்னியும்.

13 ஒக்ரோபர், ஞாயிறு

மேல ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லாததுதான் பயமாக் கிடக்கு. ரெண்டு தரம் தட்டினன், திறக்கேல்லை.

15 ஒக்ரோபர், செவ்வாய்

படியில நிலக்சியைக் கண்டன், பள்ளிக்கூடப் பையோட. "அம்மா எங்கையடி குஞ்சு?" எண்டு கேட்டன். "மம்மா படுத்திருக்கிறா. மம்மான்ர பசப்போர்த்தோவையும் டெலிபோனையும் பப்பா மேசை லாச்சியில பூட்டினவர்." தாயின்ர பாஸ்போட் பூட்டிக் கிடக்கிறதை விடுகதை சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டு ஓடுது பிள்ளை.

பொலிதேயாமாவில நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டில வேலை முடிய, நேர அலோசியஸின்ர கடைக்குப் போனன். ஆக்கள் நிக்கிறதும் பாக்கேல்லை. "ஏன்டா, உனக்கு மூளை இல்லையோ? ஒரு பொம்பிளையின்ர சங்கதியை மைக்கில வாசிக்கிறதோ? அந்தப் பிள்ளையின்ர பாவம் உன்ர தலையிலதான்!" எண்டு பேசினன். அவன் என்னைப் பாத்தான். "விடுங்கோ அக்கா" எண்டுபோட்டு மாவை நிறுக்கத் தொடங்கினான்.

குற்றமுள்ளவன் வாய் திறப்பானோ?

20 ஒக்ரோபர், ஞாயிறு

இண்டைக்குத்தான் அவள் போயிருக்கோணும்.

ஜசிந்தன் ஒரு தட்டில பொரிச்ச சூடைமீன் கொண்டுவந்தவன். "நீங்கள்தான் அன்ரி என்ர குடும்பத்தைக் காப்பாத்தினது. உந்தக் கதையை வேற ஆர் எனக்குச் சொல்லப்போகினம்?" எண்டவன். குனிஞ்சு என்ர காலைத் தொட்டும் கும்பிட்டான். வெறி மணம்.

அந்தப் பகேரியா வேலைக்கு ஒரு ருமேனியாக்காரி சேந்திட்டாளாம். மீனைக் குப்பையில போட்டன்.

27 ஒக்ரோபர், ஞாயிறு

கதிரை விழுந்த சத்தம். பிறகு மற்றது. நான் தும்புத்தடியால முகட்டில இடிச்சன். ஒரு நிமிசம் நிண்டுது. திருப்பித் தொடங்கிச்சு.

போலீசுக்கு அடிக்கப் போனை எடுத்தனான். அவன் நான்தான் எண்டு கண்டுபிடிச்சால்? அவளை இன்னும் அடிச்சால்? வைச்சிட்டன். பயந்தது அவளுக்கோ எனக்கோ, நீரே சொல்லும்.

3 நவம்பர், ஞாயிறு

பூசை முடியப் பயணத்துக்கு வந்தவையைச் சாட்சி சொல்லச்சொல்லி மைக்கைக் குடுத்தவை. அமலினி எழும்பினாள். "எங்கட மாக்கிரட் அக்கா எழுதின மன்றாட்டை மாதா ஒரே நாளில கேட்டவா. பிரிய இருந்த குடும்பம் ஒண்டு சேந்திருக்கு. இந்தா, எல்லாருமா வந்திருக்கினம்." சனம் கை தட்டிச்சு. ஆரோ என்ர முதுகில தட்டிக் குடுத்தது. ஜசிந்தன் நெஞ்சில கை வைச்சுத் தலை குனிஞ்சான். அவனுக்குப் பக்கத்தில நிசாந்தி, முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுத்திச் சால்வை. இந்த வெய்யிலுக்கு.

வெளிய அவன் ஆம்பிளையளோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை கிட்டப் போனன். "பிள்ளை, உப்பிடியான பொம்பிளையளை வைச்சுப் பாக்கிற இடம் இருக்காம். என்ர சிஞ்ஞோரா சொன்னவ. நான் கூட்டிக்கொண்டு போறன். இனி ஒருதருக்கும் சொல்லமாட்டன், உனக்காக இரவுபகலாக் கும்பிடுறன்..." எண்டு தொடங்கினன்.

"அன்ரி," எண்டவள். கோபமில்லை, அதுதான் தாங்கேலாமல் கிடந்தது. "நீங்கள் எனக்காக மண்டாடாதேங்கோ. அது காணும்."

நிலக்சியை மற்றப் பக்கம் மாத்திப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போகுது.

வீட்டை வந்து உம்மட சுருவத்துக்கு முன்னால இருந்து அலோசியஸைத் திட்டினன். அவன் வாசிக்காட்டி உமக்கும் எனக்கும் மட்டும்தானே தெரிஞ்சிருக்கும் எண்டு. வாயால சத்தமாத் திட்டிக்கொண்டு இருக்கேக்கை—

அண்டைக்கு அவன் என்னட்டைக் கேட்டவன்.

பஸ் வாசல்ல. நான் ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுறன், அவன் துண்டைக் கையில வாங்கிப் பாத்திட்டு, மெல்லமா, ஒருதருக்கும் கேக்காமல் கேட்டவன்: "அக்கா, இது வாசிக்கவோ, பேசாமல் பெட்டிக்குள்ள போடவோ?"

"வாசியடா தம்பி," எண்டனான். "எல்லாரும் சேந்து கேட்டாத்தான் மாதாவுக்குக் கேக்கும்."