விதைக்கு விட்ட கத்தரிக்காய்

இஞ்சேருங்கோ,

புட்டு மூடி வைச்சிருக்கிறன். கொட்டாஞ்சேனையில இருந்து எங்கட விதைக் குழு ருக்கியா கத்தரி விதை கொண்டு வருவா. தேத்தண்ணி குடுங்கோ, காசு நீட்டிப்போடாதேங்கோ. குழுவில விதை விக்கிறேல்லை. வளர்த்து மற்றவைக்கும் குடுக்கிறதுதான்.

சந்தை பக்கத்திலயே இருக்க, பல்கனியில விதைக்கு விட்ட ஒரே காயைப் பிடுங்கிக் கறி வைச்சிட்டீங்கள் எண்டு நேற்றுக் கத்தினனான். ருக்கியா கொண்டு வாறது எங்கட கத்தரியின்ர விதைதானாம். போன வருசம் மழைக்குள்ள, புறுபுறுத்துக்கொண்டு பஸ் ஏறி அவவுக்கு எங்கட விதையைக் குடுத்தது நீங்கள்தானே. அண்டைக்கு நீங்கள் போகாட்டி, இண்டைக்கு அந்தக் கத்தரியே எங்களிட்ட இல்லை.

தயாளினி

நேற்று நான் வேண்டாமெண்ட கறியைப் பிரிட்ஜுக்குள்ள தேடாதேங்கோ. காலமை சட்டியோட வழிச்சுச் சாப்பிட்டிட்டன்.