என் பெயர்க்காரனுக்கு வந்த நஷ்டஈடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து வந்து போகிறது, எனக்குக் கோபம் வந்தது போகாமலே இருக்கிறது, மற்றபடி இரண்டு பேருக்கும் பசியும் தூக்கமும் சரியாக இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி வாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அவளுக்குப் பல் விழுந்ததாக அம்மா சொன்னாள், விழுந்த பல்லோடு ஒரு போட்டோ அனுப்பு. போன வாரம் போனில் நஷ்டஈடு என்ன ஆயிற்று என்று கேட்டாய், நான் சொல்ல ஆரம்பித்ததும் அப்பா கத்தாதீங்க என்றாய், அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உன் காது வலிக்காது. மாப்பிள்ளைக்கு முழுக்கதையும் தெரியாது என்பதால் அவருக்கும் சேர்த்து முதலிலிருந்தே சொல்கிறேன், நீ பொறுமையாகப் படி.

மோட்டார் காயில் கட்டுகிற என்னை என் கடையிலிருந்து போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்று, கையில் பாதி சுற்றிய செம்புக் கம்பி இருந்தது. நகைக்கடைக் காவலாளியைக் கட்டிப்போட்டுத் திருடியவனின் பெயரும் அவன் அப்பா பெயரும் என்னுடையவைதான், வயதும் ஏறக்குறைய அதேதான், அது போதும் அவர்களுக்கு. திருடனுக்கு இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு என்று அவர்கள் காகிதத்திலேயே இருந்தது. நான் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன், முழங்கால் கோழிமுட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, ஆறிப்போயிருக்கும்யா, ஏறு வண்டியில என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று வருஷம் எட்டு மாதம். உள்ளே இருந்தபோது கண்காணிப்பாளர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மூன்று முறை புகைந்தது, மூன்று முறையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன், அதற்கு மட்டும் சரியான ஆளைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் நம் வக்கீலம்மா ஒற்றைக் காலில் நின்று கைரேகையை ஒப்பிட வைத்த பிறகுதான் நான் நான்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. அதற்குள் அந்த நிஜத் திருடன் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அவன் தன் கட்டிலில் படுத்துச் செத்தான், நான் அவன் கணக்கில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டார். ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஓடின. நஷ்டஈட்டு அலுவலகத்துக்கு ஒவ்வொரு தடவை போகும்போதும் உங்க ஃபைல் மேல போயிருக்கு என்பார்கள், அந்த அலுவலகம் இருப்பதோ மேல்மாடியில், அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. பிறகு ஒருநாள் ஆணை அனுப்பியாகிவிட்டது என்றார்கள். நமக்கு வரவில்லை. தபால்காரரைக் கேட்டேன், அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், வலது மணிக்கட்டில் வரிசையாகச் சூடுபட்ட தடம், துணி ஃபேக்டரியில் இஸ்திரி போடுகிறவளாம். கையில் ஒரு பழுப்பு உறை. எடுத்த எடுப்பிலேயே, உங்க பேர்ல இருந்தவரோட சம்சாரம் நான் என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, எங்க வாழ்க்கையை எடுத்தது போதாதா, வீட்டையும் பார்த்துட்டுப் போக வந்தியா என்று கேட்டாள். அந்தப் பெண்மணி உறையை நீட்டினாள். அரசாங்க முத்திரை. உள்ளே ஆணையும் காசோலையும். தவறாகச் சிறையில் வைக்கப்பட்டதற்காக, என்று போட்டு என் பெயர், என் அப்பா பெயர், கீழே திருடனுடைய விலாசம்! என்னை உள்ளே தள்ளியபோது செய்த அதே காரியத்தை, வெளியே விட்டு மன்னிப்புக் கேட்கும்போதும் அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம், நம் குதிரை குழி பறித்து அதில் வேறொருவனைப் புதைத்தும் வைத்திருந்தது.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம், அதாவது நான் கூப்பிட்டேன், அம்மா தடுக்கவில்லை. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். வந்த அன்னிக்கே தப்பா வந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சுங்க, ஒன்பது நாள் பீரோவுல வெச்சிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன், அவர் பேர்ல பேங்க் கணக்கு இன்னும் மூடல, அதுல என் பேரும் இருக்கு, வீட்டு வாடகை அஞ்சு மாசம் நிக்குது, பத்தாவது நாள் தாங்க முடியல. ஆணையில் வக்கீலம்மா பெயர் இருந்திருக்கிறது, அவரைத் தேடிப் போய் நம் விலாசத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், உன் புருஷனுக்கு என் விஷயம் தெரியுமா என்று. தெரியும் என்றாள். பேப்பர்ல வந்துது, படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டார், நானும் படிச்சேன், நானும் பேசல, பையன் அப்பதான் பஸ் டெப்போவுல வேலைக்குச் சேர்ந்திருந்தான், அது போயிடுமேன்னு பயம் என்றாள். நான் எழுந்து போய்ப் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். கழுவிக் கழுவிப் பார்த்தும் சூடு அடங்கவில்லை. திரும்பி வந்தபோது அம்மா அவளுக்கு டீ கொடுத்திருந்தாள், ஆனால் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்திருந்தாள்.

மறுநாள் அவள் அரை நாள் லீவு போட்டாள், நாங்கள் மூன்று பேரும் அந்த மேல்மாடிக்குப் போனோம். வரிசையில் நாற்பது பேர் இருப்பார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து ஆகிவிட்டது, ஃபைல் முடிந்தது என்றார். தப்பான ஆள் வாங்கியது என்றேன். அப்படியானால் வாங்கியவரே நேரில் வந்து திருப்பித் தர வேண்டும் என்றார். அவர் செத்துட்டார் சார் என்றாள் அந்தப் பெண்மணி. செத்தவருக்கு நாங்க அனுப்ப மாட்டோம்மா என்றார் அவர், காசோலையைக் கையில் பிடித்துக்கொண்டே. சரி, நான்தான் அந்த ஆள் என்பதற்கு என்ன ஆதாரம் வேண்டும் என்றேன். ஃபைலைப் புரட்டி, அங்க அடையாளம் பார்க்கணும், இடது முழங்கால்ல வெட்டுத் தழும்பு, காட்டுங்க என்றாரே பார்க்கலாம்! பழைய கேஸ் காகிதத்திலிருந்து விலாசத்தோடு தழும்பையும் சேர்த்து நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். தழும்பு இல்லாதபோது ஆறிப்போயிருக்கும் என்று உள்ளே தள்ளினீர்கள், இப்போது அதே தழும்பு இல்லை என்று வெளியே தள்ளுகிறீர்களா, ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு உங்கள் இலாகா இன்னும் எத்தனை வருஷம் பிழைக்கப் போகிறது என்று கேட்டேன். கத்தினேன் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு ஞாபகம் இல்லை. சத்தம் போட்டா வேலை நடக்காது பெரியவரே என்றார் அவர். சத்தம் போடாமல் ஒரு வருஷம் மூன்று மாதம் நின்றபோது மட்டும் வேலை மடமடவென்று நடந்ததாக்கும்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி என்னைத் தாண்டி முன்னால் வந்து ஜன்னல் கட்டையில் கை வைத்தாள். தழும்பு என் புருஷன் கால்ல இருந்துது சார், இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தினவ நான், எனக்குத் தெரியாத முழங்கால் உங்களுக்குத் தெரிஞ்சுடுமா, திருடினது அவர், இவர் இல்ல என்றாள். வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி மட்டும் அசரவில்லை, இதை எழுதிக் கொடுக்கணும் என்று ஒரு காகிதத்தைத் தள்ளினார். அவள் எழுதினாள். இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, பேனா பழக்கமில்லை, எழுத்து ஒவ்வொன்றும் முட்டை முட்டையாக வந்தது. எழுதி முடித்ததும், சரிபார்க்கிறேன் என்று சொல்லி அந்த மனிதர் அதை வாய்விட்டுப் படித்தார். என் கணவர்தான் குற்றவாளி, அது எனக்கு அப்போதே தெரியும், என்று நாற்பது பேர் காதில் விழுகிற மாதிரி. தன் சம்சாரத்தைப் பற்றி எவனாவது இப்படி ஒரு வரி படித்தால் அந்த அதிகாரி பொறுத்துக்கொள்வாரா? அவள் தலையைக் குனியவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பையனுக்கு இன்னும் தெரியாதுங்க, வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சொல்லிவிட்டாளாம். ரெண்டு நாள் அவன் சாப்பிடல, மூணாவது நாள் தட்டை எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்தான் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்துப் புது ஆணை நம் விலாசத்துக்கே வந்தது, போன திங்கட்கிழமை பணமும் பேங்கில் விழுந்துவிட்டது. ஆணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி, இத்தொகை அரசு தன் தவறை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படாது. அப்படியானால் எதற்காகக் கொடுத்தார்களாம், என் முழங்கால் அழகுக்காகவா? முகத்தில் விட்டெறிந்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாதான், எறிஞ்சா அவங்களுக்கு லாபம், வாங்கி வைங்க, வெட்கப்பட வேண்டியது நாமளா என்றாள். வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்மணியின் வாடகையைக் கட்டுகிறேன் என்றேன், உங்க ஜெயில் காசுல நான் குடியிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளை மன்னித்துவிட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன், அந்த வார்த்தை என் பேனாவில் இன்னும் இறங்கவில்லை. ஆனால் அந்த மாடி முழுக்க இருந்த முத்திரைகளையும் நாற்காலிகளையும் ஒரு தட்டில் வைத்து, அவள் முட்டை எழுத்தை இன்னொரு தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நேற்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த மூன்று வருஷமும் நான் கப்பலில் மோட்டார் வேலை பார்ப்பதாக அங்கே உன் ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறாயாம், இப்போது வந்த பணத்தையும் கப்பல் கம்பெனி கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னாயாம். அடி என் கண்ணே, நான் கடலையே மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் கரையில் நின்று. சிரிப்புத்தான் முதலில் வந்தது, ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. புதுசாகப் போன ஊர், தனியாக இருந்தாய், நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருப்பார்கள், புரிகிறது. ஆனால் ஒன்று நினைத்துப் பார். மறைக்க நிஜமான காரணம் இருந்த ஒருத்தி, பெற்ற பிள்ளைக்கே தெரியாததை நாற்பது பேர் நடுவில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாம் எதை மறைக்கிறோம்? உங்க அப்பா எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால், செய்யாத தப்புக்கு ஜெயிலில் இருந்தார் என்று சொல்லு. குட்டி வாலிடமும் சொல்லு, புரிகிற வயது வந்ததும், தாத்தா ஜெயிலில் இருந்தார், திருடவில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லு. கப்பலை மட்டும் இன்றைக்கே கவிழ்த்துவிடு.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம், எந்தக் காகிதமும் உங்கள் பெயரை வேறொருவன் பெயரோடு குழப்பாத ஊராக அது இருக்கட்டும். குளிருக்கு அம்மா பின்னிய மேல்சட்டை பார்சலில் வருகிறது, கை நீளமாக இருந்தால் மடித்துவிடு, வெட்டிவிடாதே. பதில் எழுதும்போது நீ ஆபீஸில் சொன்ன அன்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுது.

இப்படிக்கு,
ஒருநாளும் கப்பல் ஏறாத
உன் அப்பா