பதில் வந்தால் இலவசம்

மார்ச் 3

பில் வந்துவிட்டது. மேனேஜர் உட்காரச் சொல்லாமலே பேசினார். ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறோமா, செய்தி அனுப்பும் கம்பெனிக்குக் கப்பம் கட்டுகிறோமா என்று கேட்டார்.

தப்பு என்னுடையதுதான். நோயாளிகளின் போனுக்கு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அந்தக் கம்பெனி ரகம் பிரித்துக் காசு போடுகிறது. விளம்பரம் என்றால் அதிகம். 'உங்கள் ரிப்போர்ட் தயார்' மாதிரி வெறும் தகவல் என்றால் அதில் சொற்பம். நான் தகவலின் வாலில் விளம்பரத்தைக் கட்டி விட்டிருந்தேன். ரிப்போர்ட் தயார், கூடவே முழு உடல் பரிசோதனை பாதி விலையில். அவர்கள் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் விளம்பரக் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

"வாலை ஆட்டினா நாய்னு அவனுக்குத் தெரியாதாம்மா?" என்றார் மேனேஜர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 4

இன்றும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 7

கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள். பொறுமையான பெண். அவள் சொன்னதில் ஒன்று காதிலேயே நிற்கிறது: "நீங்களா முதல்ல அனுப்பினாத்தான் மேடம் சார்ஜ். அவங்க உங்களுக்கு எழுதிட்டாங்கன்னா, அதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்க நீங்க என்ன பதில் அனுப்பினாலும் ஃப்ரீ."

என்ன அனுப்பினாலுமா? விளம்பரத்தை எழுதி அனுப்பினாலும்?

"பதிலா அனுப்பினா ஃப்ரீதான் மேடம்."

அப்படியானால் அவர்களை எழுத வைக்க வேண்டும். அவ்வளவுதானே.

மார்ச் 11

'ரிப்போர்ட் தயார், பெற 1 என்று பதில் அனுப்பவும்' என்று போட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் சீண்டவே இல்லை. அப்புறம் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சோம்பேறிகள்.

மார்ச் 13

கிடைத்துவிட்டது!

'உங்கள் பரிசோதனை முடிவில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உள்ளது. அறிய 1 என்று பதில் அனுப்பவும்.'

இதில் விளம்பரம் எங்கே இருக்கிறது? பொய்தான் எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கத்தானே செய்யும். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதும் விஷயம்தானே.

செய்தி போய்ச் சேர்கிற வேகத்திலேயே பதில் வந்து விழுகிறது. 1, 1, 1. ஒன்றோடு நிறுத்தாதவர்களும் உண்டு. 'என்னாச்சு மேடம்.' 'ப்ளீஸ் சீக்கிரம் சொல்லுங்க.' ஒருவர், 'என் மனைவிக்குத் தெரிய வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'வாழ்த்துகள், முடிவுகள் இயல்பாக உள்ளன, இதே ஆரோக்கியம் தொடர முழு உடல் பரிசோதனை' என்று போனதும், அவரும் அவர் மனைவியும் சேர்ந்து பதிவு செய்துவிட்டார்கள். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் மனிதன் எதையும் வாங்குவான்.

மத்தியானம் பதில்களை நான் சத்தமாகப் படிக்க, மேஜையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண் அவசரத்தில் 1111111 என்று அடித்திருந்தாள். அவள் குரலிலேயே நடித்துக் காட்டினேன்.

மார்ச் 14

மேனேஜர் கேக் வாங்கி வரச் சொன்னார். முதல் துண்டு எனக்கு.

மார்ச் 20

நர்ஸம்மாவை நிறுத்திவிட்டார்கள். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டில் கோளாறு உள்ளவர்களை மட்டும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. ஒரு ஆளிடம் அரை மணி நேரம் பேசுவார். பதில் அனுப்பினால் ரிப்போர்ட்டும் டாக்டர் நம்பரும் தானாகப் போகும்படி நான் செய்து கொடுத்தபின், அவர் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். நானும் சரிதானே என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "நல்லா இருக்கறவனுக்கும் அந்த வரிதான், கெட்டுப்போனவனுக்கும் அந்த வரிதானா?"

"தனித்தனியா அனுப்பினா, வித்தியாசம் தெரிஞ்சு நல்லா இருக்கறவங்க பதில் போட மாட்டாங்கம்மா. பயந்தவங்கதான் உடனே பதில் போடறாங்க."

"பயம் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு நினைக்கற?"

பெரிய கேள்வி. வேலை போன எரிச்சல். ஜன்னலோர மேஜை இப்போது எனக்கு. வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 2

பதில்கள் குறைகின்றன. ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்த முறை சீண்டுவதில்லை. 'போங்கடா' என்று ஒருவர். பதில் போடாதவர்களுக்கு மறுநாள் நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் தனிக் காசு. நிறுத்தலாமா என்றார் மேனேஜர். நிறுத்திவிட்டேன். வேண்டியவர்கள் வந்து கேட்கட்டுமே.

ஏப்ரல் 9

அக்காவை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஓட்டுநர் பள்ளியில் பெண்களுக்குக் கார் கற்றுக்கொடுக்கிறாள். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அன்றைக்கு வாங்கிய திட்டு ஏழு ஜென்மத்துக்குப் போதும். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து முதுகு வலி. வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்கிறாள். சோர்வாக இருக்கிறது என்று அவளே சொன்னது அதிசயம். வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு, சும்மா விடுவானேன்.

ஊசி குத்தியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். லாரிக்கு எதிரே கண் மூடாதவள்!

ஏப்ரல் 10

இன்று எல்லோரும் கீழே சேர்ந்துதான் சாப்பிட்டோம். அக்காவின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. போனை என் பக்கம் திருப்பினாள்.

என் வரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யோ அக்கா, இது எல்லாருக்கும் போறது! நான்தான் எழுதினேன். 1 போட்டீங்கன்னா பேக்கேஜ் விக்க வருவாங்க, அவ்வளவுதான். அழிச்சுடுங்க."

"அடிப்பாவி! உசுரே போயிட்டு வந்துச்சுடி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வீடே சிரித்தது. இவர்கூட, "உன் மூளையே மூளை" என்றார். அக்கா எங்கள் கண் முன்னாலேயே அதை அழித்தாள்.

நாளைக்கு ஆபீசில் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 11

சம்பள உயர்வு! செய்திப் பிரிவுக்கு இனி நான்தான் பொறுப்பாளர். இரண்டு பேர் எனக்குக் கீழே. நாள் முழுக்க ஒரே வாழ்த்து. வீட்டுக்கு வரும்போது கால் தரையில் படவில்லை.

மே 6

மற்ற கிளைகளுக்கும் என் வரிதான்.

ஜூலை 15

அக்காவுக்கு ஒரு வாரமாக வாந்தி. இன்று காலையில் செருப்பு காலில் நுழையவில்லை, பாதம் அப்படி வீங்கியிருந்தது. பிரேக்கை மிதிக்க முடியவில்லை என்று பாதி வகுப்பில் திரும்பி வந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

ஜூலை 16

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நானே எனக்கு மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

டாக்டர் கேட்டார்: சமீபத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணினீங்களா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனிலேயே எங்கள் கணினிக் கணக்கைத் திறந்தேன். ஏப்ரல் மாத ரிப்போர்ட். சிறுநீரகத்துக்கான வரியில் சிவப்புக் கோடு. 'உடனே மருத்துவரைப் பார்க்கவும், வலி மாத்திரைகளைத் தவிர்க்கவும்.' எல்லாம் தயாராக இருந்தது. அக்கா 1 அடித்திருந்தால் அந்த நொடியே போயிருக்கும். பக்கத்தில், 'பதில் இல்லை'.

நான் பார்க்கவே இல்லை. நாளைக்குப் பாத்துச் சொல்றேன்னேனே... சம்பள உயர்வு... அப்புறம் மறந்தே போச்சு. கோளாறு இருந்தா நர்ஸம்மா கூப்பிடுவாங்கன்னு உள்ளுக்குள்ள எங்கியோ நினைச்சுட்டிருந்தேனா? அவங்களை அனுப்பினதே நான்தானே?

டாக்டர் படித்துவிட்டுச் சொன்னார்: "அப்பவே மாத்திரையை நிறுத்தியிருந்தா..." முடிக்கவில்லை. அக்கா இந்த மூன்று மாதமும் தின்ற மாத்திரைகள்தான் மிச்சத்தையும் முடித்திருக்கின்றன. இனி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும்.

இவருடைய அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நீ அங்கதானேம்மா வேலை பாக்கற."

ஜூலை 18

அக்காவின் கட்டிலருகே போனேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள்தான் முந்தினாள்: "அன்னிக்கு நீ சிரிச்ச பாரு. அந்தத் தைரியத்துலதான் மூணு மாசம் நிம்மதியா இருந்தேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் விட்டதை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

ஜூலை 22

நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"என்கிட்ட எதுக்கு அழற? உங்க அக்கா மாதிரி பதில் போடாம எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை.

"போய்ப் பாரு. ஒவ்வொருத்தரா கூப்பிடு." வைத்துவிட்டார்.

ஜூலை 23

சிவப்புக் கோடும் 'பதில் இல்லை'யும் சேர்ந்து வருகிறவர்களைத் தேடி எடுத்தேன். திரை கீழே போய்க்கொண்டே இருந்தது. மேனேஜரிடம் காட்டினேன். "நாம அனுப்பிட்டோம்ல? அனுப்பினதுக்கு அத்தாட்சி இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

கேட்காமலே கூப்பிட ஆரம்பித்தேன். முதல் ஆள், கூடத்தின் பெயரைச் சொன்னதும், "எதுவும் வேணாம்மா" என்று வைத்தார். இரண்டாவது பெண், "இன்னும் எத்தனை தடவைதான் பயமுறுத்துவீங்க? வெக்கமா இல்ல?" மூன்றாவது ஆள் கெட்ட வார்த்தை. இல்லைங்க, இது நிஜம்ங்க, நிஜமாவே உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு என்கிறேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

சாயங்காலத்துக்குள் நான்கு பேர்தான் காது கொடுத்துக் கேட்டார்கள்.

ஜூலை 25

ஒரு வீட்டில் மகள் எடுத்தாள். அப்பாவிடம் பேச வேண்டும் என்றேன். ரிப்போர்ட் விஷயமா என்று கேட்டாள். ஆமாம். இதயமா என்று கேட்டாள். ஆமாம். "போன மாசமே போயிட்டார்" என்றாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள், "இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?"



ஜூலை 30

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அனுமதியில்லாமல் நோயாளிகளைக் கூப்பிட்டு, கூடத்தின் பெயரைக் கெடுத்தேனாம். பட்டியலில் பாதிகூட முடியவில்லை. மேனேஜர் இந்த முறை உட்காரச் சொன்னார்.

ஆகஸ்ட் 19

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருவது இப்போது என் பொறுப்பு. அவளுடைய ஓட்டுநர் பள்ளிக் கார்தான். மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது, எனக்கு இல்லை. பின் சீட்டில் ஏறி, ஜன்னலோரம் ஒதுங்கி உட்காருவாள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் இல்லை. நான் கியரைத் தப்பாகப் போட்டு வண்டி உறுமினாலும் வாயைத் திறப்பதில்லை.

செப்டம்பர் 4

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன் செய்தாள். ஏதோ கடவுச்சொல் வேண்டுமாம். வைக்கும் முன் குரலில் மரியாதை வழியச் சொன்னாள், "மேடம், அந்த 'ஒரு விஷயம் உள்ளது' நீங்க எழுதினதாமே? இப்ப கடன் குடுக்கறவங்க, ஸ்கூல்காரங்க எல்லாரும் அதைத்தான் போடறாங்க. சூப்பர் மேடம்."

நன்றி என்றேன். வாயில் அதுதான் வந்தது. அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்து, பதில் போடாதவர்களைக் கூப்பிடும்மா, ஒருத்தர் ரெண்டு பேரையாவது கூப்பிடு என்றேன். "அதெல்லாம் சார்கிட்ட கேக்கணும் மேடம்" என்றாள்.

அக்டோபர் 21

திரும்பி வரும்போது மழை. அக்கா பின் கதவைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் மூடாமல் விட்டதில் சீட் நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் குடைக்குள் நின்றுவிட்டு, முன்னால் வந்து ஏறினாள். ஊசி போட்ட கையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

முதல் சிக்னலில் நான் சட்டென்று பிரேக் போட்டேன்.

"எருமை! கண்ணு எங்க வச்சிருக்க? அரை கிலோமீட்டருக்கு முன்னாடியே சிவப்பு தெரியுதுல்ல? இந்தக் கை அறுந்து விழணுமா உனக்கு? காலை மெதுவா வைடின்னு எத்தனை வருஷமா கத்தறேன்..."

தெரு முனை, பாலம், எங்கள் சந்து என்று வீடு வரைக்கும் விடாமல் திட்டினாள். வண்டியை மெதுவாக ஓட்டினேன். வாசலில் நிறுத்திய பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை.