தோல்வாரில் விழுந்த வெட்டு

கன்னம் பற்றி எரிகிறது. கத்தி மழிக்கவில்லை, முடியைப் பிடுங்கியது. பாதி முகத்தோடுதான் வேலைக்குப் போகிறேன்.

நூல் அறுத்துச் சவரக்கத்தியை மழுங்கடித்தாய் என்று நேற்று உன்மேல் பாய்ந்தேனே, அது தப்பு. இன்று வெளிச்சத்தில் பார்த்தால் கத்தி தீட்டும் தோல்வார் முழுக்க வெட்டு. உன் தம்பி துரையின் கைவரிசை. கல்லில் தீட்டும்போது கூர் முன்னே போகும். தோலில் முதுகுதான் முன்னே போக வேண்டும். அவன் கல்லில் தீட்டுவதுபோலவே தோலிலும் இழுத்திருக்கிறான். எழுப்பிக் கேட்டால், "அட போங்க மாமா, எல்லாம் ஒரே தேய்ப்புதானே!" என்று திரும்பிப் படுக்கிறான்.

கத்தியை வாங்கிப்போகச் சலூன்காரர் வருவார், கொடுத்துவிடு. தம்பி கையில் மட்டும் கொடுக்காதே.

சோறு வடித்து வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதே.

பி.கு: சீட்டில் எழுதினால் அது கேட்டதாகாது. உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.