நாலு மணி அப்பாயின்ட்மென்ட்

12 ஆகஸ்ட் 2007, ஞாயிறு

அப்பாயின்ட்மென்ட் என்ற சொல் ரயில்வேயில்தான் பிறந்தது. இரண்டு வண்டிகள் சந்திக்கும் பாயின்ட்டை வெள்ளைக்காரத் துரை குறித்துக் கொடுத்ததால் வந்த பெயர். நான் வேலை பார்த்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். காலையில் பக்கத்து வீட்டு ஜோசப்புக்கும் விளக்கினேன். என் அக்கா மகன், சாஃப்ட்வேர்க்காரன், இன்று நாலு மணிக்கு என்னைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தான்.

ஐந்து மணிக்கு போன் வந்தது. "திடீர்னு மீட்டிங் மாமா. இன்னொரு நாள் பாக்கலாம்."

"எனக்கும் ஆயிரம் வேலை கிடக்குடா" என்றேன்.

சர்ச்சிலிருந்து திரும்பிய ஜோசப் சிரித்தான். "கைக்கு, ஏன் அண்ணே, உங்க ஐடி துரை நக்கோ, வேணாம்னுட்டாரா?"

"கார்ல வந்து டீ குடிச்சுட்டு இப்பத்தான் போனான்."

உள்ளே வந்து, அக்கா மகனுக்கென்று எடுத்து வைத்த, யாரும் தொடாத டம்ளரையும் கழுவினேன். ஜோசப் கண்ணில் படும்படி, என் டம்ளரோடு சேர்த்து ஜன்னலில் கவிழ்த்து வைத்தேன்.