காற்றுத் துவாரத்தில் ஓர் அரிசிச் சாக்கு

உங்களைக் குளிர் கொல்லவில்லை, அண்ணை. கார்ப்புகை கொன்றது.

எங்கள் ஆட்கள் கூடும் லாசப்பல் கடைத்தெருவில் எல்லோரும் வேறு கதை சொல்கிறார்கள். "பாரிஸ் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளேல்லை" என்று செத்தவீட்டில் கோப்பி குடித்தபடி முடித்துவிட்டார்கள். நீங்கள் வேலை செய்த கார்த் தரிப்பிடத்தின் முதலாளிக்கோ அதைவிட வசதியான கதை. காற்றுத் துவாரத்தை நீங்களே அடைத்துக்கொண்டீர்கள், அதற்கு அவர் என்ன செய்வார் என்று உங்கள் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்.

இப்போது அந்த நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்தில், நீங்கள் காசு வாங்கிய கண்ணாடிக் கூண்டில் நான் இருக்கிறேன். இன்று காலை உங்கள் அரிசிச் சாக்கைத் துவாரத்திலிருந்து இழுத்தெடுத்தேன். கூண்டுப் பக்கம் அழுக்கு வெள்ளை. மறுபக்கம் கரி. அந்த எண்ணெய்ப் புகை மணம் உங்கள் கோட்டின் மணம்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நாங்கள் நாலு பேர் ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்து ஒற்றை அறையில் இருந்தோம். அந்தக் கோட்டை வெளியே கொழுவச் சொல்லி உங்களோடு எத்தனை சண்டை. ஜன்னல் இடுக்கெல்லாம் நீங்கள்தான் கடதாசி திணித்தீர்கள். வளைகுடா வெயிலில் லொறி ஓட்டிவிட்டு வந்தவருக்கு இருமல் என்றால் குளிர்தான். எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான். இருமினால் ஒரு மப்ளர், இன்னும் இருமினால் அதன்மேல் இன்னொன்று.

நீங்கள் லொறி ஓட்டிய அந்தப் பாலைவன நகரத்தைப் பற்றிச் சமைக்கும்போது சொல்வீர்கள். நகரத்துக் காற்றைச் சுத்தமாக்கத் திட்டம் போட்டு, லொறிகள் நடுநகருக்குள் வராமல் சுற்றுத் தெரு வெட்டினார்களாம். அந்தத் தெரு உங்கள் தொழிலாளர் முகாமின் வேலியோடு போனதாம். எஞ்சினை நிறுத்தினால் குளிரூட்டியும் நின்றுவிடும் என்று, வரிசையில் நின்ற லொறிகளெல்லாம் உறுமிக்கொண்டே நிற்குமாம்.

"அவைக்குக் காத்து, எங்களுக்குப் புகை. திட்டம் எண்டா அதுதான்" என்றீர்கள்.

இங்கே தெரு நெரிசலைக் குறைக்கக் கார்களை நிலத்துக்குக் கீழே இறக்கினார்கள். உங்களையும் இறக்கினார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, "இஞ்சையும் அதே ஆள்தான் திட்டத்துக்குக் கோடு கீறியிருக்கிறான் போல" என்றீர்கள். சிரித்தோம். உங்கள் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாக்கை எடுத்ததும் நல்ல காற்று வரும் என்று நினைத்தேன். முகத்தில் புகை அடித்தது. குனிந்து பார்த்தால் வெளியே தெரு இல்லை. கார்கள் மேலேறக் காத்து நிற்கும் சரிவுதான் இருந்தது. புகைக்குழாய்கள் சரியாகத் துவாரத்தின் உயரத்தில். அந்தச் சாக்கு இல்லாவிட்டால் இன்னும் முந்திப் போயிருப்பீர்கள், அண்ணை.

கூரையில் புகையை இழுக்கும் பெரிய விசிறி இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு மின்சாரச் செலவு என்று நிறுத்திவிடுவார்கள்.

பின்னேரம் முதலாளி புறப்பட்டபோது சாக்கோடு போய் அவர் காரை மறித்தேன். கரிப்பக்கத்தை முன்கண்ணாடியில் விரித்து வைத்தேன். கூண்டுக்குள் வந்து அந்தத் துவாரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கச் சொன்னேன். அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டார். பின்னால் மற்றக் கார்கள் ஹோர்ன் அடித்தன. விலகினேன். புகை என் மேல் படிய, கார் சரிவில் ஏறிப் போனது.

சாக்கு என்னிடம்தான் இருக்கிறது. துவைக்கவில்லை. நாளைக்கும் அதை எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் நின்று முதலாளிக்குச் சொல்வேன்:

விசிறியைப் போடுங்கள், மிசியே. நாள் முழுக்கப் போடுங்கள்.