அண்ணனின் சில்லும் என் மோதிரமும்

4-8-1963, ஞாயிறு

லேப் பீரோவின் பூட்டு கெட்டுவிட்டதென்று, அண்ணன் அந்தத் தகர டப்பாவைப் பீளமேட்டுக் காலேஜிலிருந்து வீட்டுக்கே கொண்டு வந்திருந்தார். உள்ளே பஞ்சின் மேல் ஐந்து சிலிக்கன் சில்லுகள். நகத்தளவு. கறுப்பாக, பளபளவென்று.

"அழுக்குப் படாம கழுவி வெச்சிருக்கறேன். தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன் அம்மணி," என்றார் சிரித்தபடி.

தொட்டுவிட்டேன்.

எல்லாம் அம்புஜத்தால். சீருக்கு மாமா போட்ட மோதிரத்தைப் பார்த்து, "கவரிங்கு! உங்க மாமன் நல்லா ஏமாத்திப்போட்டாரு போ," என்றாள், வகுப்பே கேட்கும்படி. ஆசாரி கறுப்புக் கல்லில் உரைத்துத்தானே தங்கமா என்று பார்ப்பார்? சில்லு அச்சாக அந்தக் கல்லைப் போலவே இருந்தது. ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் கோடு விழுந்தது. அது தங்கக் கோடா, பித்தளைக் கோடா? எனக்கென்ன தெரியும். பாவாடையில் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. அப்படியே பஞ்சில் வைத்து மூடிவிட்டேன்.

13-8-63

அண்ணன் ஓடி வந்து அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில்லை அயோடினோடு குவார்ட்ஸ் குழாயில் அடைத்து உலையில் வைத்தால் சிலிக்கன் ஆவியாகி மறுபடி படியுமாம். நான்கு சில்லுகளில் பாலேடு போலப் படிந்ததாம். ஒன்றில் மட்டும் மயிரிழையை விட மெல்லிய கம்பிகளாக முளைத்து நிற்கிறதாம்.

"ஒரே கோட்டுலம்மா! நாத்து நட்டாப்பல!"

ஒரே கோடு. நான் இழுத்த கோடாகத்தான் இருக்கும்.

2-9-63

புதுச் சில்லுகளைப் பதினோரு முறை உலையில் வைத்துவிட்டார். ஒரு கம்பிகூட வரவில்லை. பேராசிரியர் லட்சுமணசாமி முதல் முறை முளைத்ததைப் பம்பாய் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதிவிட்டார், மாதக் கடைசியில் பார்க்க வருகிறார்கள்.

"கண்ணாடி நூல ஒட்டி வெச்சு என்னையவே ஏமாத்தறயான்னு கேட்டுப்போட்டாரும்மா," என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னார். மறுபடி காட்டாவிட்டால் ஆராய்ச்சி இடம் போய்விடுமாம்.

"பேசாம மில்லு வேலைக்குப் போ," என்றார் அப்பா.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

3-9-63

சொல்லவில்லை.

9-9-63

இன்றும் இல்லை. மோதிரத்தைக் கழற்றி வைத்தேன். "வெறுங்கையோட என்ன, போடு," என்று அம்மா மறுபடி மாட்டிவிட்டாள்.

15-9-63, ஞாயிறு

கிணற்றடியில் அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா... அந்தக் கோடு நாந்தானுங்க போட்டேன்."

மோதிரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாரென்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"இத்தன நாளா வாயத் தெறக்கலியே கண்ணு," என்றார்.

அடித்திருக்கலாம். கோடு போட்டதுகூடப் புத்தியில்லாமல். அதன் பிறகு? அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே. என்ன பிறவி நான்? தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

மோதிரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

16-9-63

அண்ணன் பேராசிரியரிடம், "சில்ல ஊட்டுக்குக் கொண்டு போனது என் தப்புங்க, அதுல தங்கம் பட்டுத்தான் கம்பி மொளச்சிருக்கோணுமுங்க," என்றாராம். நல்ல வசவாம். என் பெயரைச் சொல்லவே இல்லை.

10-11-63

தாராபுரத்திலிருந்து மாமா வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்து, அண்ணன் திருப்பித் தந்திருந்த மோதிரத்தைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, மூணே மாசத்துல மோதரம் ஒரு பக்கம் இப்படித் தேஞ்சு போச்சு?"

லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"சொக்கத் தங்கமுங்க மாமா. ஆறு வாட்டி சில்லுல உரைச்சு உலையில வெச்சோம். ஆறு வாட்டியும் கம்பி மொளச்சுதுங்க. பம்பாய்க்காரங்களே பாத்துட்டுப் போனாங்க."

"பின்ன! மாமன் போட்டதாச்சே!" என்று மாமா வெடித்துச் சிரித்தார். ஒன்றும் புரியாமல் அம்மாவும் சிரித்தாள்.

நான் மட்டும் தலையைத் தூக்கவில்லை.